1969 ஹெரால்ட் மார்க் 3: எதை நாமே கற்றுச் செய்யலாம், எதை வெளியே கொடுக்கணும்?

அடையாறு_948 கேட்டது:

வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3, நாலு கதவு, 1969 பதிவு, 948 சிசி. இன்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. டிரைவர் காலடித் தகட்டில் ஓட்டை. கதவுகளின் அடிவிளிம்பு பொரிந்திருக்கிறது. சேஸியின் பக்கக் கைகள் (அவுட்ரிகர்) தட்டினால் செதில் செதிலாக உதிர்கின்றன. பிரேக் பெடல் தரை வரை போகிறது. ஒயரிங் பாதி அறுந்து பாதி ஒட்டுப்போட்டது. பம்பர் குரோம் புள்ளி புள்ளியாக விட்டிருக்கிறது. இடம்: கூரை போட்ட போர்ட்டிகோ, கடலில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள். நேரம்: சனி, ஞாயிறு மட்டும்.

அடுத்த வருஷக் கண்காட்சிக்கு லாரியில் ஏற்றாமல் ஓட்டிக்கொண்டே போய் நிறுத்தணும். வேலையில் முடிந்தவரை நானே கற்றுக்கொள்ளணும். கேள்விகள் நாலு:

1. எந்த வரிசையில் ஆரம்பிப்பது?
2. வெல்டிங் கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை நேரே டிங்கரிடம் விடணுமா?
3. பெயிண்ட் என்சியா (நைட்ரோசெல்லுலோஸ்), பியூவா (பாலியூரித்தேன்)?
4. 50 வருஷம் தாண்டிய வண்டி. விண்டேஜ் நம்பர் எடுக்கணுமா?

பழைய_பட்டறை எழுதியது:

பெயிண்ட் கேள்வி மூன்றாவதாக வந்திருப்பதே நிம்மதி. பெரும்பாலும் அதுதான் முதலில் வரும். பெயிண்ட் அடித்து ஆறு மாதம் கழித்து அவுட்ரிகரை வெல்டு செய்யப் போய்ப் புது பெயிண்டைப் பொசுக்குவார்கள்.

ஹெரால்ட் பியட் போல ஒற்றைக் கூடு இல்லை. அடியில் தனி சேஸி, மேலே பாடி போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடைப்பது கஷ்டம். பானெட் முன்பக்கமாக மொத்தமாகக் கவிழ்வதால் இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் நின்றபடியே கைக்கு எட்டும்.

முதல் வேலை சோதனை. வண்டியை நாலு ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள். சிறிய சுத்தியல், பழைய ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு சேஸியின் இரண்டு நடுத் தண்டுகளையும் அரை அடிக்கு ஒரு தட்டு. நல்ல இரும்பு கணீர் என்னும், துருப் பிடித்தது பொத்தென்று சொல்லும். பொத்தென்ற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். இறங்கினால் வெட்டி மாற்றவேண்டிய இடம், சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களை இரண்டு முறை பாருங்கள். சேறு தேங்கி உள்ளிருந்து அரிப்பது அங்கேதான்.

நடுத் தண்டு நன்றாக இருந்து அவுட்ரிகர் மட்டும் போயிருந்தால் பாடியைத் தூக்கவே வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் வெட்டி மாற்றி, அடுத்ததற்குப் போங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக வெட்டினால் பாடி தொய்ந்து கதவு மூடாது. நடுத் தண்டும் போயிருந்தால்தான் பாடியைக் கழற்றணும். கழற்றும் முன் ஒவ்வொரு கதவு வாசலிலும் 25 மி.மீ. சதுரக் குழாயைக் குறுக்கே வைத்து, புள்ளி வெல்டால் தையல் போட்டு நிறுத்துங்கள். பாடிக்கும் சேஸிக்கும் நடுவே உள்ள ரப்பர், பேக்கிங் தகடுகள் எந்த இடத்தில் எத்தனை என்று எண் எழுதிப் பையில் போடுங்கள். கதவு இடைவெளி சீராக வருவது அந்தத் தகடுகளால்தான். கலந்துவிட்டால் மாதக்கணக்கில் அல்லாடணும்.

தகடு: அவுட்ரிகருக்கு 16 கேஜ், தரைக்கு 18 கேஜ், கதவுத் தோல், பாடிக்கு 20 கேஜ். சிஆர் ஷீட் (குளிர்முறையில் உருட்டிய தகடு) கேளுங்கள். "துருப் பிடிக்காது சார்" என்று துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட்டைக் கட்டப் பார்ப்பார்கள். வெல்டு செய்யும்போது துத்தநாகப் புகை காய்ச்சல் கொண்டுவரும், வெல்டும் பொத்தல் விழும்.

வெல்டிங் தாராளமாகக் கற்கலாம், ஆனால் உங்கள் வண்டியில் ஆரம்பிக்காதீர்கள். புதுப்பேட்டையில் எந்தக் காரின் பழைய கதவோ ஃபெண்டரோ எடை போட்டு வாங்கி, அதில் உள்ளங்கை அளவு சதுரம் வெட்டி, அதே அளவு புதுத்தகடு வைத்து ஒட்டிப் பழகுங்கள். மிக் மெஷின், 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பி. 20 கேஜில் நீளக்கோடு இழுத்தால் தகடு நெளிந்து அப்பளமாகும். ஒரு அங்குலத்துக்கு ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, கை வைத்துப் பார்த்துச் சூடு தணிந்ததும் அடுத்த புள்ளி. பத்துச் சதுரம் நெளியாமல் வந்தபின் காலடித் தகட்டுக்குப் போங்கள். அது கார்பெட்டுக்கு அடியில் மறையும் இடம், கை பழக அதுதான் சரி. கதவுத் தோலை மட்டும் நல்ல டிங்கரிடம் கொடுங்கள். விளிம்பை மடித்துப் பிடிக்கும் கைவாகு ஒரு வருஷத்தில் வராது.

சின்ன பாகங்களின் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சாகவேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் பாகத்துக்கு, பாசிட்டிவ் ஒரு துண்டுக் கட்டடக் கம்பிக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒரு ராத்திரியில் துரு கறுப்புச் சேறாகக் கழன்றுவிடும். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் வைக்காதீர்கள், அதில் இருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். அலுமினியமும் ஸ்பிரிங்கும் இந்த வாளிக்குள் போகக்கூடாது. ஹைட்ரஜன் வரும், அதனால் திறந்த இடத்தில் வையுங்கள்.

சைதை_டிங்கர் எழுதியது:

பெயிண்ட் பத்தி நான் சொல்றேன் சார். கீழ இருக்கற பெயிண்ட் என்னன்னு முதல்ல பாருங்க. வெள்ளைத் துணியில தின்னர் நனைச்சு ஒரு மூலையில அரை நிமிஷம் அழுத்தித் தேய்ங்க. கலர் துணிக்கு வந்தா என்சி. அது மேல பியூ அடிச்சா தின்னர் கீழ இறங்கிச் சுருக்கம் விடும், இல்லன்னா ஆறு மாசத்துல பழைய தேய்ப்புக் கோடெல்லாம் மேல தெரியும். மொத்தமா தகடு வரைக்கும் எடுத்துடறதுதான் வழி. பானெட் உள்பக்கம், டேஷ்போர்டுக்குப் பின்னாடி பாருங்க, கம்பெனி கலர் அங்கதான் வெயில் படாம இருக்கும். கலர் மேட்சுக்கு அந்த இடத்தைக் காட்டுங்க, வெளியில வெளுத்ததைக் காட்டாதீங்க.

வரிசை: வெறும் தகடு, அன்னைக்கே எபாக்சி பிரைமர். நம்ம ஊர்ல சுத்தம் பண்ணின தகட்டை ஒரு ராத்திரி வெறுமனே விட்டா காலைல செம்பட்டை பூத்திருக்கும், அதுவும் அடையாறு காத்துல கேக்கவே வேணாம். பிரைமர் மேல பட்டி. பட்டி 2, 3 மி.மீ. தாண்டினா அது டிங்கரிங் சரியில்லன்னு அர்த்தம். திரும்பத் தட்டுங்க, பட்டியால மூடாதீங்க. பட்டியைத் தண்ணி போட்டுத் தேய்க்கவே கூடாது, அது பஞ்சு மாதிரி ஈரத்தை உள்ள பிடிச்சு வெச்சுக்கும், வெயில்ல கொப்புளமா வெளிய வரும். 80, 180 நம்பர் தாள்ல காய்ஞ்ச தேய்ப்பு. அப்புறம் சர்ஃபேசர் (மேல்தளத்தைச் சமமாக்கற பிரைமர்). அது மேல 400, 800 தண்ணித் தேய்ப்பு.

என்சியா பியூவான்னா, போர்ட்டிகோல கத்துக்கறவருக்கு என்சி மன்னிக்கும். தூசி விழுந்தா, ஒழுகினா, தேய்ச்சுட்டுத் திரும்ப அடிக்கலாம். ஆனா மழைக்காலத்துல அடிச்சா பால் படிஞ்ச மாதிரி வெளுக்கும். தின்னர் பறக்கும்போது தகடு சில்லுன்னு ஆகி, காத்துல இருக்கற ஈரம் பெயிண்ட்ல உக்காந்துக்கும். ரிடார்டர் தின்னர் கலந்தா கொஞ்சம் கொறையும். பியூ உப்புக் காத்துக்கு நல்லாத் தாங்கும், ஆனா ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு எமன். மூக்குல கைக்குட்டை கட்டிட்டு அடிக்கற வேலை இல்ல அது. காத்துக் குழாய் வெச்ச மாஸ்க் வேணும். அதனால கத்துக்கறது பிரைமர், சர்ஃபேசர், தேய்ப்பு வரைக்கும் நீங்க. கடைசி பியூ பூத்ல. தை, மாசி ரெண்டு மாசமும் பெயிண்டுக்கு நல்ல காலம், ஐப்பசி கார்த்திகைல பெயிண்ட் துப்பாக்கியைத் தொடாதீங்க.

சேஸி வேலை முடிச்சதும் முன் வீல் பக்கம் எல்லா நிப்பிள்லயும் (கிரீஸ் ஏத்தற முனை) நல்லா கிரீஸ் அடிச்சுடுங்க, அப்புறம் எட்டாது.

ட்ரனியன் எழுதியது:

மேலே சொன்ன கடைசி வரியை மட்டும் மறந்துவிடுங்கள், டிங்கர் சார் கோபிக்கவேண்டாம். ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனில் கீழே பித்தளை ட்ரனியன் இருக்கிறது. நிற்கும் இரும்புத் தண்டின் மரை அதற்குள் திருகி, ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் வீல் சுழல்கிறது. அதற்குக் கிரீஸ் இல்லை, ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராது, பழையது கட்டியாகி வழியை அடைத்துவிடும். மரை காய்ந்து, ஈரம் தங்கி, துரு தின்று, ஒருநாள் பார்க்கிங்கில் திருப்பும்போது தண்டு ஒடிந்து வீல் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். உலகம் முழுக்க ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் வண்டிகளில் இது பேர்போன கோளாறு.

கிரீஸ் ஏற்கெனவே அடித்திருந்தால் கழற்றித்தான் ஆகணும். இடது பக்கம் இடது மரை, வலது பக்கம் வலது மரை. மாற்றித் திருகி மரையைக் கெடுக்காதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவி, தண்டின் மரை தொடங்கும் இடத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் புதுத் தண்டு, யோசிக்கவே வேண்டாம். மாட்டும்போது கடைசி வரை திருகி, ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி நிறுத்துங்கள். ட்ரனியனின் அடைப்பு பிளக்கைக் கழற்றி, நிப்பிள் போட்டு, ஆயில் கன்னால் மேலே கசியும் வரை அடியுங்கள். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஸ்டியரிங் கனத்து, திருப்பியபின் தானாக நேருக்கு வராவிட்டால் அதுதான் எச்சரிக்கை மணி.

பிரேக்: நாலு வீலும் டிரம், ஒரே சர்க்யூட். ஒரு இடம் ஒழுகினால் நாலும் போச்சு. அதனால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாமே ஒரே மூச்சில். சிலிண்டர் உள்சுவரில் லேசான கறை என்றால் ஹோன் போதும். குழி இருந்தால் அம்பத்தூர், கிண்டி பக்கம் லேத்தில் பித்தளை அல்லது எவர்சில்வர் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ரப்பரைப் பெட்ரோலில் கழுவினால் ஊதிப்போகும். பிரேக் ஆயிலில் மட்டும் கழுவுங்கள். குழாய் 3/16 அங்குலம், செம்பு-நிக்கல். வெறும் செம்பு அதிர்ந்து அதிர்ந்து இறுகி விரிசல் விடும். ஏர் எடுக்கும் முன் ஷூவை டிரம்மில் உரசும்வரை அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெடல் ஒருநாளும் மேலே நிற்காது. ஏர் எடுப்பதை மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் உள்ள வீலில் இருந்து ஆரம்பிக்கணும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

இன்ஜினைப் பிரிக்கும் முன் ஒரு சோதனை. ஒருவர் கிளட்சை மிதித்து விடட்டும், நீங்கள் முன் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னே பின்னே நகர்ந்தால் கிராங்க் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. சரியான ஆட்டம் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை. அதிகமாகத் தேய்ந்தால் அந்த அரைவட்ட வாஷர் கழன்று ஆயில் சட்டிக்குள் விழும், பிறகு கிராங்க் நேரே பிளாக்கைச் செதுக்கும். சட்டியை இறக்கினாலே மாற்றிவிடலாம், இன்ஜினை வெளியே எடுக்கத் தேவையில்லை. பள்ளம் போட்ட முகம் கிராங்க் பக்கம் பார்க்கணும்.

ஸ்டார்ட்: பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில், ஒருநாள் ஊறட்டும். புது 20டபிள்யூ-50 ஆயில், புது ஃபில்டர். பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் விளக்கு அணைந்தபின்தான் பிளக் மாட்டணும். டேப்பெட் இடைவெளி 0.010 அங்குலம், இன்ஜின் சூடேறும் முன். பாயின்ட் இடைவெளி 0.015, பிளக் 0.025. ஃபயரிங் வரிசை 1-3-4-2.

அடையாறு_948:

ட்ரனியன் சார், நன்றி. நிப்பிளில் கிரீஸ்தான் இருக்கிறது, கழற்றுகிறேன். பாகங்கள் எங்கே கிடைக்கும்? இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு என்ன செய்யணும்?

ட்ரனியன்:

இன்ஜின், சஸ்பென்ஷன், பிரேக் பாகங்கள் பிரிட்டிஷ் ட்ரையம்ஃப் ஹெரால்ட், ஸ்பிட்ஃபயரோடு பெரும்பாலும் ஒன்றே. இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள், தபாலில் வரும். அங்கே கிடைக்கவே கிடைக்காதது, ஸ்டாண்டர்ட் கம்பெனியின் வண்டலூர் ஆலையில் மட்டும் பிறந்தவை: நாலு கதவு பாடியின் பின்கதவுகள், அவற்றின் கண்ணாடி, மார்க் 3 முன்பக்க கிரில். இவை எவ்வளவு சிதைந்திருந்தாலும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். போல்ட் எல்லாம் அங்குல அளவு, பெரும்பாலும் யுஎன்எஃப் என்ற நெருக்கமான மரை. செம்புதாஸ் தெருவில் அளவு சொல்லிக் கேளுங்கள். மெட்ரிக் போல்ட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கி ஏற்றிவிட்டால் மரை செத்தது.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்): பெட்ரோல் ஹோஸ் மொத்தமும் எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதாக மாற்றுங்கள். பழைய ரப்பர் ஊறி, உள்பக்கம் உரிந்து ஜெட்டை அடைக்கும். ஏசி கம்பெனியின் பெட்ரோல் பம்பில் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயில் சட்டிக்குள் இறங்கும், ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை எடுக்காதீர்கள். விட்டான் (எத்தனாலைத் தாங்கும் ரப்பர்) டயாஃப்ரம் கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கித் துருப் பிடிக்கவைக்கும், கார்புரேட்டரில் வெள்ளைப் பொடி பூக்கும். நிறுத்தப்போகும் வண்டி என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானே அணையும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள்.

இன்ஜின் தயங்கினால், பிளக் வெள்ளையாக வெந்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. சோலெக்ஸ் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டில் உள்ள எண் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில். 110ல் இருந்து 115க்குப் போனால் துளைப் பரப்பு சுமார் 9 சதவீதம் கூடும், இ20க்கு அந்த அளவுதான் தேவை. இருக்கிற ஜெட்டைத் துளைபோட்டுப் பெரிதாக்காதீர்கள், பழையபடி வராது.

பிரவுன்_ஒயர் எழுதியது:

ஒயரிங்கைத் தாராளமாக நீங்களே செய்யலாம், லூகாஸ் (பிரிட்டிஷ் மின்பாகக் கம்பெனி) நிறக் கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிரவுன் பேட்டரியில் இருந்து நேரே வருவது, சாவி போடாமலே உயிரோடு இருக்கும். வெள்ளை சாவி போட்டதும் வருவது. பச்சை சாவிக்குப் பிறகு வரும் துணைக்கருவிகள். நீலம் ஹெட்லைட், நீலம்-வெள்ளை பிரைட், நீலம்-சிவப்பு டிம். சிவப்பு பார்க்கிங் விளக்கு. கறுப்பு எர்த். புது ஒயர் வாங்கும்போது இதே நிறங்களில் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் சிவப்பு கறுப்பு மட்டும் ஓட்டினால் அடுத்தமுறை யாருக்கும் புரியாது.

பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடியில் எர்த் என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பில் பாசிட்டிவ் எர்த் சகஜம். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால், டைனமோவின் எஃப் முனையில் உள்ள ஒயரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவில் இருந்து ஒரு ஒயரால் அதை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டு எடுக்கணும். இல்லாவிட்டால் டைனமோ தலைகீழாக சார்ஜ் செய்யும். ஃபியூஸ் இல்லாத வண்டி என்றே எடுத்துக்கொண்டு, பிரவுன் ஒயரின் தொடக்கத்தில் 35 ஆம்ப் ஃபியூஸ் ஒன்று போடுங்கள், கண்ணில் படாத இடத்தில். இன்னொன்று, முன் விளக்குகள் கவிழும் பானெட்டில் இருக்கின்றன. எர்த் கீல் வழியாகப் போனால் துருவும் பெயிண்டும் தடுத்து விளக்கு மங்கும். பானெட்டில் இருந்து சேஸிக்குத் தனியாக ஒரு கறுப்பு ஒயர் ஓட்டுங்கள்.

ஆர்சி: 2021ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டி, மூல வடிவில் இருக்கும் வண்டியை விண்டேஜாகப் பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவு 5,000. புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் "விஏ" வரிசை எண், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜாக்கினால் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, அதற்குப் போய்வர மட்டும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போகணும் என்றால் இப்போதுள்ள சாதாரண ஆர்சியைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே மேல். இரண்டில் எதுவானாலும் வேறு இன்ஜின் ஏற்றாதீர்கள். சேஸி, பாடி, இன்ஜினில் மாற்றம் செய்த வண்டி விண்டேஜ் கணக்கில் வராது. சேஸி எண் பொறித்த இடத்தில் சாண்ட் பிளாஸ்ட்டும் பட்டியும் படாமல் டேப் ஒட்டிப் பாதுகாத்துவிடுங்கள்.

கண்காட்சிக்கு முதல் வருஷம் வண்டி இல்லாமலே போய்ப் பாருங்கள். பளபளப்பைப் பார்த்து வராதீர்கள். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, குனிந்து ஹோஸ் கிளிப், போல்ட் தலை, ஒயர் கட்டு, கதவு ரப்பர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். நடுவர்கள் மதிப்பெண் குறைப்பது அங்கேதான். மூலத்தில் மங்கலான கறுப்பாக இருந்த பாகத்துக்குக் குரோம் பூசியதை "அழகு" என்று யாரும் எழுதமாட்டார்கள். வடபழனி ஏவிஎம் ஹெரிடேஜ் மியூசியம், கோவை அவிநாசி சாலையில் ஜீடீ கார் மியூசியம் இரண்டிலும் கூட்டமில்லாத நேரத்தில் நிதானமாகப் பார்க்கலாம். உங்கள் வண்டி நிற்கும் அன்று அடியில் ஒரு ஆயில் தட்டு, உள்ளே தீயணைப்பான், ஆர்சி, இன்சூரன்ஸ் அசல்.

அடையாறு_948:

கடைசியாக ஒன்று. பம்பரையும் கதவுக் கைப்பிடிகளையும் ஒரே குரோம் கடையில் கொடுத்துவிடலாமா?

சைதை_டிங்கர்:

ஒரே மூட்டையாக் குடுத்துடாதீங்க சார். பம்பர் இரும்பு. ஆசிட்ல உரிச்சு, நெளிவு தட்டி, செம்பு ஏத்தி, பாலிஷ் போட்டு, அப்புறம் நிக்கல், கடைசியா குரோம். காசு மிச்சம் பண்றவங்க செம்பை விட்டுட்டு நிக்கலையும் மெலிசா விடுவாங்க, கடல் காத்துல ஒரே வருஷத்துல திரும்பப் புள்ளி விழும். நிக்கல் 20 மைக்ரானுக்கு மேல வேணும்னு சொல்லிட்டு வாங்க. கைப்பிடி அப்படி இல்ல, பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. ஒரு ஓரத்துல ராவிப் பாருங்க: காந்தம் ஒட்டாது, சாம்பல் நிறமா மெத்துனு இருக்கும். அதை பம்பரோட சேத்து ஆசிட் தொட்டில போட்டா கைப்பிடியே கரைஞ்சு பாதியா வரும். தனிப் பையில, மேல பெரிய எழுத்துல "ஆசிட் போடாதே"ன்னு எழுதிக் குடுங்க. உரிக்கற முறை வேற, தெரிஞ்ச கடைகாரன்கிட்ட மட்டும்.